45 நாள் ஓடும் கார், 320 நாள் நிற்கும் கார்

ஒரு காரை அதிகம் கெடுப்பது எது, ஓட்டமா நிறுத்தமா? வகுப்பில் கேட்டால் பெரும்பாலான கைகள் ஓட்டத்துக்குத்தான் உயரும். ஓடினால் டயர் தேயும், எஞ்சின் சூடாகும், பிரேக் கட்டை கரையும். புதிய காருக்கு அந்தப் பதில் சரிதான். ஆனால் 40, 50 வயதான காருக்கு அது பொருந்தாது. பழைய காரை உண்மையில் தின்பது அது சும்மா நிற்கும் நேரம்தான்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் பொருள் உண்டு. 1990ல் சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. அதன்பின் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பதிவை நீக்கிவிட்டுக் காரை ஏற்றுமதி செய்யவோ பழைய இரும்புக்குப் போடவோ வேண்டும். அதனால்தான் நம் சாலைகளில் பழைய கார்கள் அபூர்வம். அபூர்வமானவை பிழைக்க ஒரு வழி, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டம். குறைந்தது 35 வயதான கார்கள் அதில் சேரலாம். செலவு குறைவு, ஆனால் ஒரு நிபந்தனை: ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம்.

மீதி 320 நாளும் கார் நின்றுகொண்டே இருக்கும். எங்கே? கடல் சூழ்ந்த, ஆண்டு முழுவதும் ஈரமான ஒரு தீவில்.

1989ல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, அதே ஆண்டின் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் போன்ற ஜப்பானிய விளையாட்டு கார்கள் 2024ல் 35 வயதைத் தொட்டன. உங்கள் அப்பாவோ மாமாவோ இளவயதில் சுவரொட்டியாக ஒட்டி வைத்திருந்த கார்கள் இப்போது 'பழம்பொருள்' ஆகிவிட்டன. அவற்றுக்கும் மூத்தது டாட்சன் 240இசட். ஜப்பானில் அதன் பெயர் ஃபேர்லேடி இசட். 1969ல் அறிமுகமான இந்தக் காரின் வரிசையில் 1978 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை தயாராயின. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில், 2.4 லிட்டர் எஞ்சின், இரண்டு கார்புரேட்டர்கள், எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். ஐரோப்பிய விளையாட்டு கார் ஒன்றின் விலைக்கு மிகக் கீழே கிடைத்ததால் உலகமெங்கும் விற்றது. இன்று அவற்றில் மிகப் பலவற்றைக் காணோம். எஞ்சின் பழுதாகிப் போனவை குறைவு, துருப்பிடித்துப் போனவையே அதிகம்.

துரு எங்கே தொடங்குகிறது?

மூன்று சோதனைக்குழாய், மூன்று ஆணி. உங்களில் பலர் இந்தச் சோதனையைச் செய்திருப்பீர்கள். வறண்ட காற்றில் உள்ள ஆணி துருப்பிடிக்காது. கொதிக்கவைத்து ஆக்சிஜன் நீக்கி, மேலே எண்ணெய் ஊற்றிய நீரில் உள்ள ஆணியும் துருப்பிடிக்காது. நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால்தான் துரு. உப்பு சேர்ந்தால் இன்னும் வேகம், ஏனென்றால் துரு என்பது ஒரு சிறிய மின்கலத்தின் வேலை. இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்குப் போய் அங்கே ஆக்சிஜனையும் நீரையும் சந்திக்கின்றன. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், மின்கலமும் நன்றாக வேலை செய்யும்.

இதில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆக்சிஜன் அதிகம் படும் இடத்தில்தான் இரும்பு அதிகம் கரையும் என்று தோன்றும். நடப்பது வேறு. ஈரமான மண் ஒட்டிய இடம், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடுக்கு, பெயிண்ட் உப்பிய இடத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் ஆக்சிஜன் குறைவு. எலக்ட்ரானைத் தரும் முனை அங்கேதான் உருவாகிறது. ஆக்சிஜன் நிறைந்த வெளிப்பகுதி அதைப் பெற்றுக்கொள்ளும் முனையாகிறது. ஆகவே இரும்பு கரைவது மறைவான இடத்தில். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு ஏற்கெனவே ஓட்டையாகியிருக்கலாம்.

240இசட் காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, பற்றவைத்து, உடலையே சட்டமாக்கியிருக்கிறார்கள். எடை குறைவுக்கும் வேகத்துக்கும் அதுதான் காரணம். ஆனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, மிதியடித் தரை, பேட்டரி உட்காரும் தட்டு எல்லாமே உள்ளே வெற்றிடமும் இடுக்குமாக இருக்கும். அந்தக் காலத்துத் தகட்டில் இன்றுபோல துத்தநாகப் பூச்சும் இல்லை. கதவுக்குக் கீழே உள்ள சிறு வடிகால் துளைகளை ஓர் இலை அடைத்தால் போதும், மழைநீர் வாரக்கணக்கில் உள்ளேயே தங்கும். துரு பிடித்தால் காரின் அழகு மட்டும் போவதில்லை. மோதும்போது உள்ளே இருப்பவரைத் தாங்க வேண்டிய எலும்பே போகிறது.

சுத்தமான எஃகுகூட காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தைப் பெற்றுவிடும். மழை தேவையே இல்லை. சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கும் மேல். மழையில்லாத பிற்பகலில்தான் 60க்கு அருகே இறங்கும். ஒரு நாளின் பெரும்பகுதியில் நாம் எல்லைக்கோட்டுக்கு மேலேயே வாழ்கிறோம். காரைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் இறுக்கி மூடுவதைவிட மோசமான காரியம் இல்லை. தரையிலிருந்து எழும் ஈரம் அதற்குள் மாட்டிக்கொள்ளும். காற்றுப் போகும் துணியுறை, கூரையுள்ள இடம், சற்றே திறந்த சன்னல், இவையே மேல்.

வந்துவிட்ட துருவை என்ன செய்வது? ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி, புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். அது பட்டறை வேலை. மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் பூசினால் இரும்பு பாஸ்பேட் என்ற இறுகிய படலம் உருவாகும். அதன்மேல் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். வேறு சில துருமாற்றிகளில் டேனிக் அமிலம் உண்டு. துருவோடு சேர்ந்து கருநீலமாக மாறும். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமும் இதே டேனின் குடும்பம்தான். கடும் தேநீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தால் கறுப்பாவதை வீட்டிலேயே பார்க்கலாம். (அந்தத் தேநீரைக் குடிக்க வேண்டாம்.) கடைசியாக, கை எட்டாத உட்பகுதிகளில் மெழுகுக் கரைசலைப் பீய்ச்சிவிடுவார்கள். நீரும் ஆக்சிஜனும் இரும்பைத் தொடாமல் தடுத்தால் மின்கலம் நின்றுவிடும்.

பெட்ரோலும் பழசாகும்

அந்தக் காலத்து எஞ்சினில் கணினி கிடையாது. பெட்ரோலையும் காற்றையும் கலப்பது கார்புரேட்டர். காற்று குறுகலான வழியில் வேகமாகப் போகும்போது அதன் அழுத்தம் குறைகிறது. இதுதான் பெர்னூலி தத்துவம். அழுத்தம் குறைந்த இடத்தில் ஒரு சிறு துளை வைத்தால், கீழே கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் தானாக மேலேறி, காற்றோடு தூவலாகக் கலக்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்பதே முழுமையாக எரிவதற்கான அளவு. 240இசட் காரின் கார்புரேட்டரில் கூம்பு வடிவ ஊசி ஒன்று அந்தத் துளைக்குள் ஏறி இறங்கி அளவைச் சரிசெய்கிறது. ஊசிக்கும் துளைக்கும் இடையே உள்ள வழி மிக மெல்லியது.

கார் நின்றால் கிண்ணத்துப் பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சமிருப்பது காற்றோடு சேர்ந்து, தேன்நிறப் பிசினாக மாறித் துளையை அடைக்கும். கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய சிறு வால்வும் ஒட்டிக்கொள்ளும். அது திறந்த நிலையில் ஒட்டினால் பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின்மேல் கொட்டும். பழைய கார்கள் தீப்பற்றுவதற்கு இதுவும், வெடித்த ரப்பர் குழாயும் முக்கியக் காரணங்கள். நீண்டநாள் நிறுத்தப்போகிறோம் என்றால் கிண்ணத்தை வற்றவைப்பது நல்லது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது பொறுமையான கைக்குப் பழகும் வேலை. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்துபோய் அடுத்த அறை அடுப்பைக்கூடத் தொடும். ஆகவே வீட்டுக்குள் அந்த வேலை கூடவே கூடாது.

இன்னொரு சிக்கலும் பழைய எஞ்சின்களுக்கு வந்தது. முன்பு பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தார்கள். வெளியேற்று வால்வு உட்காரும் இடத்தை அது தேயாமல் காத்தது. ஈயம் மூளைக்கு நஞ்சு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. 1998 ஜூலையில் சிங்கப்பூர் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியது. அப்போது சில பழைய ஐரோப்பிய கார்களின் உரிமையாளர்கள் வால்வு இருக்கைகளை மாற்ற வேண்டியிருந்தது. ஜப்பானிய கார்கள் பெரும்பாலும் தப்பித்தன. அங்கே 1970களின் நடுவிலேயே ஈயமில்லாப் பெட்ரோலுக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள்.

பிரேக் ஆயில், ஆயில் அல்ல

எல்லாவற்றிலும் உயிரோடு நேராகத் தொடர்புள்ளது இதுதான். பேச்சுவழக்கில் 'பிரேக் ஆயில்' என்கிறோம். பெரும்பாலான கார்களில் அது எண்ணெயே அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். காலால் மிதிக்கும் அழுத்தத்தை அது நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோகிறது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியைப் படித்திருப்பீர்கள். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் அது வேலை செய்கிறது.

கிளைக்கால் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் குழாய் வழியாகவும், மூடியின் காற்றுத்துளை வழியாகவும் நீர் மெல்ல மெல்ல உள்ளே போகும். டாட் 4 எனக் குறிக்கப்பட்ட திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. எடையில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். மவுண்ட் ஃபேபர் போன்ற இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் சூடு ஏறும். திரவம் கொதித்து நீராவிக் குமிழ் உண்டானால் வாயுவைச் சுருக்க முடியும் அல்லவா? கால் தரைவரை போகும், கார் நிற்காது.

45 நாள் காருக்குக் கொதிநிலையைவிடவும் நெருக்கமான ஆபத்து வேறு: அந்த நீர் பிரேக் உருளைகளை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். மழமழப்பான உருளைச் சுவரில் குழி விழுந்தால் ரப்பர் வளையம் கிழிந்து திரவம் கசியும். சில சமயம் பிரேக் பிடித்தபடியே ஒட்டிக்கொள்ளும். கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது இங்கே கணக்கே இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றியே ஆக வேண்டும். நிறுத்திய கார் நின்ற இடத்திலேயே 'கிலோமீட்டர்' சேர்க்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து நிமிட ஓட்டம் ஏன் கெடுதல்?

"வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினைப் போட்டு நிறுத்துகிறேன், கார் நன்றாக இருக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆக்டேன் மூலக்கூறு ஒன்றில் 8 கார்பன் அணு, 18 ஹைட்ரஜன் அணு. எரியும்போது அந்த 18 ஹைட்ரஜனும் 9 நீர் மூலக்கூறாகும். 114 கிராம் ஆக்டேன் எரிந்தால் 162 கிராம் நீர். 1 லிட்டர் ஆக்டேனின் எடை ஏறக்குறைய 700 கிராம். பெருக்கி வகுத்தால் வருவது சுமார் 995 கிராம்!

அதாவது, 1 லிட்டர் பெட்ரோல் எரித்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெட்ரோல் பல சேர்மங்களின் கலவை என்றாலும் கணக்கு பெரிதாக மாறாது. கார் நன்றாகச் சூடேறி ஓடினால் அந்த நீர் ஆவியாக வெளியே போய்விடும். ஐந்தே நிமிடத்தில் நிறுத்தினால் புகைக்குழாய் சூடாகியே இருக்காது. நீர் அதற்குள் படிந்து குளமாகும், கொஞ்சம் எஞ்சின் எண்ணெயிலும் கலக்கும். துருவுக்குத் தேவையானதை நாமே தயாரித்து உள்ளே ஊற்றி மூடுகிறோம். ஓட்டினால் அரைமணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் எஞ்சினைத் தொடாமலே விடுவது மேல். 45 நாளை இரண்டு மாதத்தில் ஒரேயடியாகச் செலவழிக்காமல், எட்டு நாளுக்கு ஒருநாள் எனப் பிரித்து ஓட்டுவது இதனால்தான் புத்திசாலித்தனம்.

பேட்டரிக்கும் நின்றால் ஆகாது. முழுதாகச் சார்ஜ் ஆன காரீய அமில பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும், ஆறு அறைகள் ஒவ்வொன்றிலும் 2.1. சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் காரீய சல்பேட் கடினப் படிகமாகி, திரும்பக் கரையாது. வீவக கார் நிறுத்துமிடத்தில் சார்ஜரைச் செருகச் சாதாரண மின்செருகி இருக்காது. ஆகவே எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைப்பதே எளிய வழி. ஏன் எதிர்முனை முதலில்? காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து பொறி பறக்கும்.

ரப்பரைப் பற்றி ஒன்று மட்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பழைய விளையாட்டு கார்களின் டயர்களில் பள்ளம் புதிதாகவே இருக்கும், ரப்பர் மட்டும் கெட்டியாகி ஓசோனால் வெடித்திருக்கும். ஈரச் சாலையில் அது வழுக்கும். ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது, தேதியையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் எது, பட்டறையில் எது?

அமெரிக்கக் காணொளிகளில் வீட்டோடு ஒரு பெரிய கொட்டகை இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினைக் கழற்றிப் பரப்ப முடியாது. தரைவீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்த வசதி. அவர்களுக்கும் ஒரு விதி: ஜாக்கி காரைத் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. தாங்கு கால்கள் வைக்காமல் யாரும் காரின் அடியில் போகக்கூடாது. பற்றவைப்பு, பிரேக், எஞ்சின் எல்லாம் சின் மிங், காக்கி புக்கிட் பக்கத்துப் பட்டறைகளுக்கு. வீட்டுக்காரரின் பங்கு கழுவுவது, வடிகால் துளையைக் குத்திவிடுவது, வோல்ட் பார்ப்பது, குழாய்களைத் தடவிப் பார்ப்பது, எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுவது. கருவிகளுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. வோல்ட் பார்க்கும் மல்டிமீட்டர் சிம் லிம் டவரின் கடைகளில் கிடைக்கும். கம்பித் தூரிகையும் திருகுகளும் ஜாலான் புசார் இரும்புச்சாமான் கடைகளில். கார் மெழுகும் துணியும் முஸ்தஃபாவில். மூன்றும் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரம்தான்.

உதிரிபாகம்தான் கடினம். இதில் ஜப்பானிய நிறுவனங்களே இறங்கி வந்திருக்கின்றன. 2017ல் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காருக்கான பாகங்களை மறுபடி தயாரித்து விற்கத் தொடங்கியது. மாஸ்டா அதே ஆண்டு தன் முதல் எம்எக்ஸ்-5 கார்களைப் புதுப்பித்துத் தரும் சேவையை அறிவித்தது. டொயோட்டா 2020ல் சுப்ரா காரின் பழைய பாகங்களைக் கொண்டுவந்தது. ஆனால் முழுப் புதுப்பிப்பு என்பது நிறுவனத்துக்கே கைமீறும். 1990களின் பிற்பகுதியில் நிசானின் அமெரிக்கக் கிளை பழைய 240இசட் கார்களைத் தானே வாங்கி, புதிதுபோல ஆக்கி விற்க முனைந்தது. 200 கார் திட்டம், 50ஐக்கூட எட்டாமல் நின்றது. ஒவ்வொரு காருக்கும் ஆன வேலை அவ்வளவு.

மாற்றிய எண்ணெயையும் பிரேக் திரவத்தையும் பட்டறையில் பீப்பாயில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுக்கிறார்கள். வீட்டில் மாற்றியவரும் அதை அங்கேதான் கொண்டுபோக வேண்டும். லிட்டில் இந்தியாவின் சாலையோர வடிகாலில் விழும் மழைநீர் ரோச்சோர் கால்வாய்க்குப் போகிறது, அங்கிருந்து காலாங் வழியாக மரினா நீர்த்தேக்கத்துக்கு. 2008ல் மரினா அணைக்கட்டு திறந்த பிறகு அந்த நீர் சுத்திகரிக்கப்பட்டு நம் குழாய்க்கே திரும்பி வருகிறது.